அம்மாயிக்குப் பயிற்சி: ஏற்காட்டுத் தோட்டக் குடியிருப்பில் ஓர் ஆட்டிசக் குழந்தை

சேர்வராயன் மலையில், ஏற்காடு டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு காப்பித் தோட்டக் குடியிருப்பில் வளரும் சிறுவனைப் பற்றிய பதிவு இது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் சேலத்தில் பேச்சு, மொழிப் பயிற்சியாளராக வேலை செய்கிறேன். மலையிலிருந்து இறங்கி வரும் குடும்பங்கள் ஓரிரு மாதத்தில் வருவதை நிறுத்திவிடுவது வழக்கம். "பெற்றோர் ஒத்துழைக்கவில்லை" என்று கோப்பில் எழுதி மூடிவிடுவதும் வழக்கம். இந்தக் குடும்பமும் ஓரிடத்தில் அப்படி நின்றுபோனதுதான். பயிற்சியை யாருக்குக் கொடுப்பது, எங்கே கொடுப்பது என்பதை மாற்றியபோது அதே குடும்பம், காப்பிப் பழ சீசனில் நின்ற மாதங்கள் தவிர, ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து செய்தது. அதைத்தான் விவரமாக எழுத நினைக்கிறேன்.

குடும்பம்

பையனுக்கு முதலில் பார்த்தபோது 2 வயது 9 மாதம். வீட்டில் இரண்டாவது குழந்தை. அக்கா பள்ளிக்குப் போகிறாள். அம்மாவுக்குத் தோட்டத்தில் தினக்கூலி. அப்பா சேலம் லீ பஜாரில் சுமை தூக்குகிறார். சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியும் முன் கிளம்பிவிடுவார். பகல் முழுக்கப் பையன் இருப்பது அம்மாயியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம். 60 வயதைத் தாண்டியவர், எழுதப் படிக்கத் தெரியாது.

பிரசவத்தில் சிக்கல் இல்லை. நேரத்துக்கு நடந்தான். ஒன்றரை வயதில் "ம்மா", "பா", "தா" என்று சொன்னவன், அடுத்த சில மாதங்களில் அவற்றையும் விட்டுவிட்டான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. "ஆம்பளப் பையன் லேட்டாத்தான் பேசுவான், அவங்கப்பனும் அப்படித்தான்" என்றார்கள் உறவினர்கள். நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். நாக்குக்கு அடியில் கீறிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று ஒருவர் சொல்லி, அதற்கும் நாள் குறித்திருக்கிறார்கள். நல்லவேளையாக அது நடக்கவில்லை. நாக்கு ஒட்டியிருந்தால் சில ஒலிகள் தெளிவில்லாமல் போகலாம். ஒரு குழந்தை கூப்பிட்டால் திரும்பாததற்கும், எதையும் சுட்டிக் காட்டாததற்கும் நாக்கு காரணமாக முடியாது.

அங்கன்வாடிக்கு வந்த பள்ளிச் சிறார் நலக் குழுவின் மருத்துவர்தான் முதலில் சந்தேகப்பட்டார். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தில் இந்தக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருடத்தில் இரண்டு முறை போக வேண்டும். பிறவிக் குறைகளோடு வளர்ச்சித் தாமதங்களையும் அவர்கள் பார்க்கிறார்கள். அங்கிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

முதலில் செய்தது காது சோதனை. பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த அறையில் செல்போனில் பாட்டு ஓடினால் இவன் ஓடிவருவான், அதனால் காது நன்றாக இருக்கிறது என்று வீட்டில் நம்பினார்கள். அவர்கள் நினைத்தது சரிதான். ஆனால் லேசான காது கேளாமை உள்ள குழந்தையும் பாட்டுக்குத் திரும்பும். தூங்கவைத்து, ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் பதிலைப் பதிவுசெய்யும் பெரா சோதனையில் இரண்டு காதும் சரியாக இருந்தன. அதன் பிறகுதான் மருத்துவர் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்.

சேலத்துக்கு இறங்கிய மூன்று வாரம்

நகரத்தில் ஒரு தனியார் மையத்தில் வாரம் ஐந்து நாள், தினம் ஒரு மணி நேரம் வரச் சொன்னார்கள். அம்மா மூன்று வாரம் வந்தார். குடியிருப்பிலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு வண்டி, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ், அப்புறம் ஊருக்குள் இன்னொரு பஸ். பையன் பாதி வழியில் வாந்தி எடுப்பான். மையத்துக்கு வந்து சேரும்போது அவனுக்குத் தூக்கமும் பசியும். அந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் மேஜைக்கு அடியில் அழுதுகொண்டே போனது. அம்மாவுக்கு அன்றைய கூலி முழுதும் போய்விடும். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, "இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பதில்தான் கிடைத்திருக்கிறது. நான்காவது வாரம் அவர் வரவில்லை.

மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் என்னிடம் அனுப்பினார். என் அறையிலும் அவன் கதவருகிலேயே நின்றான். இங்கே வைத்துப் பார்த்து ஒன்றும் எழுத முடியாது என்று தெரிந்ததால், அப்பா வீட்டிலிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நானே மேலே போனேன்.

வீட்டில் பார்த்தது

இரண்டு அறை லைன் வீடு. முன்னால் சிமெண்டுத் தரை. பையன் ஒரு எவர்சில்வர் மூடியைத் தரையில் சுழலவிட்டு, அது கிறுகிறுவென்று சுற்றி அடங்கும்வரை கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், திரும்பவில்லை. அப்பா கூப்பிட்டார், அதற்கும் திரும்பவில்லை.

பத்தரை மணிக்கு அம்மாயி தானாகவே பொரி டப்பாவைத் திறந்து கிண்ணத்தில் போட்டு அவன் முன்னால் வைத்தார். சற்று நேரத்தில் டம்ளரில் தண்ணீர். அடுத்து அவன் உத்தரத்தில் கட்டியிருந்த சேலைத் தூரி பக்கம் நடந்ததுமே தூக்கி உட்கார வைத்து ஆட்டினார். "கேக்குறதுக்கு முன்னாடியே குடுத்துருவேன் டீச்சர். வாயில்லாப் புள்ளைய அழ விடலாமா?" என்றார். அந்த வீட்டில் அவனை அவரைப்போலப் புரிந்துகொண்டவர் யாரும் இல்லை. ஆனால் அந்தப் புரிதலாலேயே அவனுக்கு எதையும் கேட்க வேண்டிய அவசியம் நாள் முழுக்க வராமல் போனது.

அன்று மதியம் இன்னொன்றும் நடந்தது. பொரி தீர்ந்ததும் அவன் அம்மாயியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், அவர் கையை டப்பா மூடியின்மேல் வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்டிசக் குழந்தைகள் பலர் இப்படிப் பெரியவர்களின் கையை ஒரு கருவியாகப் பயன்படுத்துவார்கள். வீட்டார் இதைப் "பிடிவாதம்" என்றார்கள். நான் குறிப்பில் "கேட்கிறான்" என்று எழுதினேன். அவனுக்கு வேண்டியது தெரிகிறது, அது ஒரு ஆளிடமிருந்து கிடைக்கும் என்பதும் தெரிகிறது. வேண்டாம் என்றால் தள்ளிவிட்டுத் தரையில் படுத்துக்கொள்வான். இல்லாதது பகிர்தல். பறவையைப் பார்த்தால் அம்மாவையும் பார், பறவையையும் பார் என்று ஒரு வயதுக் குழந்தைகள் செய்யும் அந்தச் சுட்டுதல் அவனிடம் இல்லை.

செல்போனில் ஆங்கில எழுத்துப் பாட்டை அவன் கூடவே முணுமுணுத்தான். "இங்கிலீஷ்ல பேசுறான் மேடம்" என்று அம்மா கொஞ்சம் பெருமையோடு சொன்னார். ஒலிகளைச் சொல்ல அவன் வாய்க்கு முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. யாரிடமும் எதையும் சொல்வதற்கு அவன் அதைப் பயன்படுத்தவில்லை என்பதையும் அவர்களுக்கு விளக்கினேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பயிற்சி அம்மாயிக்கு. அம்மாவுக்கு இது முதலில் சங்கடமாக இருந்தது. தான் தோற்றுவிட்டதாக எடுத்துக்கொண்டார். அவன் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி யாரோடு கழிகிறது என்று நாலு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பிறகு அவரே ஒப்புக்கொண்டார். அம்மாவின் வேலை, இரவில் செல்போனில் வீடியோ எடுத்து எனக்கு அனுப்புவதும், நான் சொல்வதை அம்மாயிக்குச் சொல்வதும். மாதம் ஒருமுறை நான் போவேன், இடையில் வீடியோ அழைப்பில் பேசுவோம் என்று முடிவாயிற்று.

வீடியோவை வைத்துப் பெரியவர்களுக்குப் பயிற்சி தரும் முறைக்கு ஆதாரம் இருக்கிறது. பாக்ட் என்ற ஆய்வில் இங்கிலாந்தில் 152 குழந்தைகளின் பெற்றோரோடு இதைச் செய்து பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவில் ஆட்டிச அறிகுறிகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, பெற்றோரும் குழந்தையும் பழகும் விதம் மட்டும் மாறியிருந்தது. ஏறக்குறைய ஆறு வருடம் கழித்து அதே குழந்தைகளைப் பார்த்தபோது அறிகுறிகளின் தீவிரமும் குறைந்திருந்தது. அது 2016இல் வெளிவந்தது. அதே முறையைத் தெற்காசியாவுக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் பாஸ் என்ற பெயரில் நடத்தினார்கள். அங்கே பயிற்சி கொடுத்தவர்கள் சிறப்பு நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். குழந்தைகள் தாங்களாகப் பெற்றோரிடம் தொடர்பைத் தொடங்குவது அதில் கூடியது. இருவரும் சேர்ந்து ஒன்றையே கவனித்திருக்கும் நேரம் மட்டும் கூடவில்லை, குறைந்தே இருந்தது. அதனால் "கண்ணைப் பாரு" என்பதை நாங்கள் இலக்காக வைக்கவில்லை. அவனாக எத்தனை முறை எதையாவது தொடங்குகிறான் என்பதைத்தான் எண்ணினோம்.

இரண்டாவது முடிவு, "சொல்லு" என்ற சொல்லுக்கு வீட்டில் விடுமுறை. "மாமா சொல்லு, தாத்தா சொல்லு" என்று நாள் முழுக்க நடக்கும் தேர்வு நின்றால்தான் அவன் சின்னதாகச் செய்வது நம் கண்ணில் படும்.

மூன்றாவது, அழவைத்துக் கேட்கவைப்பதில்லை. பொருளை ஒளித்துவைத்து வாய் திறந்தால்தான் தருவேன் என்று மல்லுக்கட்டினால் இந்தப் பாட்டி இரண்டாம் நாளே விட்டுவிடுவார், பையனும் அவரிடம் வருவதைக் குறைத்துவிடுவான். கொடுப்பதற்கு முன்னால் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள், அவன் எது செய்தாலும் உடனே கொடுங்கள், இவ்வளவுதான் கேட்டுக்கொண்டேன்.

செல்போனை ஒரேயடியாகப் பிடுங்கச் சொல்லவில்லை. அம்மாயி சமைக்கும் நேரத்தில் அடுப்பருகே அவன் வராமலிருக்க அதுதான் அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி. காலையில் குளித்த பிறகான நேரத்தையும் மாலையில் தூரி ஆடும் நேரத்தையும் மட்டும் போன் இல்லாமல் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள்.

தூரி

முதல் வீடியோ மூன்று நிமிடம் ஓடியது. அம்மாயி தூரியை ஆட்டிக்கொண்டே வாய் மூடாமல் பேசுகிறார்: "எங்க சாமி போற? ஊருக்கா போற? டாட்டா சொல்லு, அம்மாயி சொல்லு." அடுத்த முறை நான் மேலே போனபோது எல்லோருமாக உட்கார்ந்து அதைப் பார்த்தோம். நான் ஒன்றும் சொல்லாமல், ஓரிடத்தில் நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். தூரி வேகம் குறையும்போது பையன் தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்க்கிறான். ஒரு வினாடிகூட இருக்காது. அந்த நேரத்தில் அம்மாயி வாசல் பக்கம் பார்த்து யாரிடமோ பேசுகிறார்.

"என்னையப் பாத்தான்!" என்றார் அம்மாயி. இன்னொரு முறை போடச் சொன்னார். "நாந்தான் பாக்கல."

இதை நான் வாயால் சொல்லியிருந்தால் குறை சொல்வதாகவே போய்ச் சேர்ந்திருக்கும். அவரே கண்டுபிடித்ததால் அடுத்த நாளே தூரிக்குப் பக்கத்தில் நிற்பதை விட்டு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார். ஆட்டிவிட்டு, பிடித்து நிறுத்தி, பேசாமல் இருந்தார். பேசாமல் இருப்பதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

முதலில் பையன் காலை உதைத்தான். அதையே கேட்டதாக எடுத்துக்கொண்டு "ஆட்டு!" என்று ஒரே ஒரு சொல் சொல்லி ஆட்டினார். சில வாரத்தில் உதைக்கும்போதே அவரைப் பார்க்க ஆரம்பித்தான். இரண்டு மாதம் கழித்து அம்மா அனுப்பிய வீடியோவில், நிறுத்திய தூரியில் உட்கார்ந்து அவரைப் பார்த்தபடி "ஆத்து" என்றான். வீட்டில் எல்லோரும் கத்தியதில் அவன் காதைப் பொத்திக்கொண்டான். அப்பாவுக்கு அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். அவர் பஜாரில் உடன் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் காட்டியதாகச் சொன்னார்.

பொரி டப்பாவில் அதே முறைதான். மூடியைக் கொஞ்சம் இறுக்கமாக மூடி அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார்கள். டப்பாவை எடுத்துவந்து மடியில் வைத்துவிட்டு நிற்பான். கையை இழுப்பது போய், பொருளை ஆளிடம் கொடுக்கப் பழகினான்.

பட அட்டைகள்

பொரி, தண்ணீர், தூரி, வெளியே என்று வீட்டுப் பொருள்களையே போன் கேமராவில் படமெடுத்து அட்டையாக ஒட்டினோம். அப்பா எதிர்த்தார்: "படத்தக் காட்டிப் பழகிட்டான்னா அப்புறம் எதுக்கு மேடம் பேசப்போறான்?" பல வீடுகளில் இந்தப் பயம் இருக்கிறது. படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன, சில குழந்தைகளுக்குப் பேச்சு கூடவும் செய்கிறது. ஒரு மாதம் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார். "வெளியே" அட்டையை அவன் அப்பாவிடமே கொண்டுபோய் நீட்டிய ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இந்தப் பேச்சு எழவில்லை.

காப்பிப் பழ சீசனும் அங்கன்வாடியும்

நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கியதும் எல்லாம் நின்றது. சீசனில் அம்மாயிக்கும் வேலை கிடைக்கும், அந்தக் கூலியை விட முடியாது. 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டங்கள் பிள்ளைக் காப்பகம் நடத்த வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. இது சின்னத் தோட்டம், காப்பகம் கிடையாது. ஆகவே பையனை நாள் முழுக்க அங்கன்வாடியில் விட்டார்கள்.

முதல் வாரமே ஒரு குழந்தையைக் கடித்துவிட்டான். மற்ற அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள். கூட்டிவர வேண்டாம் என்று சொல்லும் நிலைக்குப் பேச்சு போனது. பணியாளரிடம் எப்போது கடித்தான் என்று விசாரித்தேன். எல்லாக் குழந்தைகளும் கைதட்டிப் பாடும் நேரம். சத்தம் தாங்காமல் காதைப் பொத்தியிருக்கிறான், பக்கத்துக் குழந்தை கையை இழுத்துத் தட்டவைக்கப் பார்த்திருக்கிறது. அவனுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

பாட்டு நேரத்தில் அவனைக் கதவோரம் உட்காரவிடுவது, "போதும்" என்று ஒரு அட்டையைச் சட்டையில் குத்திவிடுவது, சாப்பாட்டு நேரத்தில் முட்டையை அவன் தட்டில் வைக்கும் முன் ஐந்து எண்ணுவது: இந்த மூன்றும்தான் பணியாளரிடம் கேட்டது. குறைந்த சம்பளத்தில் இருபது குழந்தைகளைப் பார்ப்பவரிடம் அதற்கு மேல் கேட்பது நியாயம் இல்லை. அவர் செய்தார். கடிப்பது உடனே நிற்கவில்லை, பொங்கல் வரை அவ்வப்போது நடந்தது. வந்த சொற்களில் சிலவும் அந்த மாதங்களில் காணாமல் போயின. வீட்டில் எல்லோரும் சோர்ந்துபோனார்கள். சீசன் முடிந்து அம்மாயி வீட்டுக்குத் திரும்பிய பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன, "ஆட்டு" முதலில்.

இப்போதைய நிலை

பையனுக்கு நான்கு வயது ஆகிறது. ஏறக்குறைய 40 சொற்களைத் தானாகச் சொல்கிறான். "தண்ணி தா", "அம்மாயி வா" போல இரண்டு சொல் சேர்ந்து வருவது சமீபத்தில் ஆரம்பித்திருக்கிறது. குரங்கு வந்தால் விரலை நீட்டி அக்காவைத் திரும்பிப் பார்க்கிறான். கூப்பிட்டால் பாதி முறை திரும்புகிறான். தரையில் விழுந்து அழுவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

மூடி சுழற்றுவது இருக்கிறது. மற்றக் குழந்தைகளோடு விளையாடுவதில்லை. போன் பாட்டு வரிகளைச் சம்பந்தமில்லாமல் சொல்வதும் உண்டு. மூன்று வயது முடிந்த பிறகு, சான்றிதழுக்காக எடுத்த இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் மிதமான நிலை என்று வந்தது. 40 கேள்விகள் கொண்ட அந்த அளவுகோலில் 107 முதல் 153 வரை மிதமான நிலை. இப்போது பார்த்தாலும் அதே பிரிவில்தான் வருவான் என்று நினைக்கிறேன். அவன் ஆட்டிசம் உள்ள குழந்தையாகவே வளர்கிறான், வீட்டாரோடு பேசிக்கொள்ள வழி கிடைத்திருக்கிறது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி கிடைக்கும் சான்றிதழை வாங்கியாயிற்று. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறார்கள். அதில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவும் பயிற்சிச் செலவும் அடங்கும். இதை ஏன் முதல் நாளே யாரும் சொல்லவில்லை என்று அப்பா கேட்டார்.

மாற்ற வேண்டியவை

மலைக் குடும்பம் ஒன்று வந்தால், பகலில் குழந்தை யாரிடம் இருக்கிறது என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு, அந்த ஆளை வரச் சொல்ல வேண்டும். பாட்டியாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கலாம். படிவத்தில் அம்மா, அப்பா பெயருக்கு மட்டுமே இடம் இருக்கிறது. எங்கள் படிவத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டோம்.

வேலை சீசனையும் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். இங்கே நவம்பரில் காப்பி என்றால் அதற்குப் பின் மிளகு. அங்கன்வாடிப் பணியாளரை அக்டோபரிலேயே சேர்த்துக்கொண்டிருந்தால், பையன் அந்தக் கூடத்துக்குள் நுழையும்போதே "போதும்" அட்டை அவன் சட்டையில் இருந்திருக்கும். இந்த வருடம் செப்டம்பரிலேயே அவரோடு பேச ஆரம்பித்திருக்கிறோம். வீட்டில் அம்மா எடுத்த வீடியோக்களை அவருக்கும் காட்டுகிறோம்.

அடுத்த கேள்வி பள்ளி. அக்கா படிக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலேயே சேர்க்க வேண்டும் என்று குடும்பம் விரும்புகிறது. சேர்க்கைக்கு முன், பள்ளி மூடிய பிறகான மாலை நேரங்களில் அவனை அந்த வகுப்பறைக்கு அக்காவோடு சில நாள் கூட்டிப்போகத் தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார். மே மாத விடுமுறை தொடங்கும் முன் அதை ஆரம்பிக்கிறோம்.